லூசிக்கு மூக்குக் கீறுவது எப்படி

வருடத்தில் இரண்டு தடவையாவது ஒரு பிள்ளை என் வீட்டுப் படலையில் வந்து நிற்கும். கையில் சுருட்டிய பிறிஸ்டல் போர்ட், முகத்தில் அவசரம். "ரீச்சர், கண்காட்சிக்கு ஆதிமனிதன் ஒண்டு கீறித் தாங்க. நாளைக்கு வேணும்." நான் கீறிக் கொடுப்பதில்லை. இருந்து பழகினால் சொல்லித் தருகிறேன் என்றதும் பாதிப் பேர் போய்விடுவார்கள். மீதிப் பேருக்கு மட்டக்களப்புப் பக்கத்து ஆரையம்பதியில் என் விறாந்தை மேசையில் வைத்து என்ன சொல்வேனோ அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

யாரைக் கீறப் போகிறோம் என்பதை முதலில் முடிவெடுக்க வேண்டும். 'ஆதிமனிதன்' என்று ஒருவர் எந்தக் காலத்திலும் வாழவில்லை. எத்தியோப்பியாவில் ஹதார் என்ற இடத்தில் 1974 நவம்பரில் டொனால்ட் ஜோஹன்சன் கண்டெடுத்த, ஏ.எல். 288-1 என்று இலக்கமிட்ட பெண் வாழ்ந்தாள், ஏறத்தாழ 32 இலட்சம் வருடத்துக்கு முன். அவளைத்தான் லூசி என்கிறார்கள். கென்யாவில் துர்க்கானா ஏரிக்குப் பக்கத்தில் 1984இல் கமோயா கிமெயு கண்டுபிடித்த பையன் வாழ்ந்தான். அவன் 15 இலட்சம் வருடத்துக்கு முந்தியவன். இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவில், லியாங் புவா குகையில் 2003இல் கிடைத்த, ஒரு மீற்றரைச் சற்றே தாண்டிய உயரமுள்ள பெண் வாழ்ந்தாள். இப்படி இலக்கமும் இடமும் உள்ள ஓர் ஆளைப் பிடியுங்கள். ஆள் இருந்தால் எலும்பு இருக்கும். எலும்பு இருந்தால், 'இது பிழை' என்று உங்கள் படத்தைப் பார்த்து யாராவது சொல்ல முடியும்.

இடப்பக்கம் குனிந்த குரங்கு, வலப்பக்கம் நிமிர்ந்த வேட்டைக்காரன் என்று வரிசையாக நடக்கும் படம் எல்லார் மனதிலும் இருக்கிறது. அதை மறந்துவிடுங்கள். அந்த வரிசையில் நிற்பவர்கள் அப்பன், மகன், பேரன் இல்லை. ஒரே காலத்தில் வேறு வேறு இடங்களில் வாழ்ந்த இனங்கள் பல உண்டு.

நான் பிள்ளைகளுக்கு லூசியைத்தான் கொடுப்பேன். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதற்காகவே கொடுப்பேன். அவளுடைய எலும்புக்கூட்டில் சுமார் 40 வீதம் கிடைத்தது. ஆனால் தலையில் மிஞ்சியது கீழ்த்தாடையும் சில மண்டைத் துண்டுகளும்தான். அப்படியென்றால் படங்களில் நாம் பார்க்கும் லூசியின் முகம் எங்கிருந்து வந்தது? அவளுடைய இனத்தாரிடமிருந்து. ஹதாரிலேயே 1992இல் கிடைத்த ஏ.எல். 444-2 நல்ல முழுமையான மண்டையோடு. ஆனால் அது ஓர் ஆணுடையது, பெரிய உருப்படி. அதை அப்படியே பார்த்துக் கீறினால் தூரத்துச் சொந்தக்கார ஆம்பிளையின் முகத்தைப் பெட்டையின் கழுத்தில் வைத்த மாதிரி இருக்கும். அளவைக் குறைக்க வேண்டும், புருவமேட்டைக் கொஞ்சம் தணிக்க வேண்டும். எவ்வளவு தணிப்பது என்பது நம் ஊகம். ஊகம் என்று தெரிந்துகொண்டு செய்தால் போதும்.

சாமான் அதிகம் தேவையில்லை. எச்.பி., 2பி, 6பி பென்சில்கள், ரேசிங் பேப்பர் பத்துத் தாள், அடிமட்டம், நூல், தையல் ஊசி, இரண்டு அழிறப்பர். மண்டையோட்டின் படத்தை நேர்ப்பார்வையிலும் பக்கப்பார்வையிலும் ஒரே அளவுக்கு அச்செடுங்கள். போட்டோவில் அளவுகோல் இல்லையென்றால் அந்த போட்டோ வேண்டாம். கென்யாத் தேசிய அருங்காட்சியக எலும்புகள் சிலவற்றின் முப்பரிமாண மாதிரிகளை இணையத்தில் இலவசமாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். தட்டையான போட்டோவை விட அது எவ்வளவோ நல்லது. மண்டையை வைக்கும் நிலைக்கும் ஒரு வழக்கம் உண்டு. விழிக்குழியின் கீழ் விளிம்பும் காதுத்துளையின் மேல் விளிம்பும் ஒரே கிடைக்கோட்டில் வரவேண்டும். 1884இல் பிராங்போர்ட்டில் கூடிய அறிஞர்கள் ஒத்துக்கொண்ட கோடு அது. தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்தால் எவரும் முரடராகத் தெரிவார், பின்னால் சாய்த்தால் யோசிப்பவராகத் தெரிவார். அந்தத் தந்திரத்தை நாம் செய்யக்கூடாது.

சரி, இனிப் பென்சிலை வைத்துவிட்டுக் காத்தான்குடிக்குப் போங்கள். எலும்பு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று கண்ணால் பார்க்க ஒரு ஆட்டுத்தலை வேண்டும்.

நான் முதன்முதலில் போனபோது இறைச்சிக்கடைக் காக்கா, "சூப்புக்கா ரீச்சர்? வெட்டித் தரட்டா?" என்று கேட்டார். "வெட்ட வேணாம் காக்கா. கீறத்தான்." "அப்ப கீறித் தாறன்," என்று கத்தியை எடுத்தார். ஒரு வழியாகப் புரியவைத்து, மயிர் வாட்டிய முழுத்தலை ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தேன்.

தலையை மேசையில் பக்கவாட்டில் வைத்து, இருந்த அளவிலேயே ஒரு படம் கீறுங்கள். கைபேசியை எட்டத்தில் அசையாமல் நிறுத்தி ஒரு போட்டோவும் எடுங்கள். கிட்டப் பிடித்தால் மூக்குப் பெருத்துவிடும். மேசையில் தலை இருந்த இடத்தைச் சோக்கால் சுற்றிக் கீறி வையுங்கள். பிறகு ஊசி. அழிறப்பரில் மிளகளவு துண்டு வெட்டி ஊசியில் கோர்த்து, நெற்றி நடுவில் எலும்பு தட்டும்வரை குத்துங்கள். அழிறப்பர்த் துண்டு தோலில் முட்டி மேலே நகரும். ஊசியை இழுத்து, முனையிலிருந்து அழிறப்பர்வரை அளந்தால் அந்த இடத்தில் எலும்புக்கு மேல் எவ்வளவு சதை என்று தெரியும். எனக்கு நெற்றியில் 3 மில்லிமீற்றர்கூட இல்லை. தாடைத் தசையில் 17. இதை நான் கண்டுபிடிக்கவில்லை. 1895இல் லைப்சிக்கில் வில்ஹெல்ம் ஹிஸ் என்ற உடற்கூற்றியலாளர் ஊசியில் றப்பர் கோர்த்து, இறந்த மனிதர்களின் முகங்களில் இதையே செய்தார். தோண்டியெடுத்த ஒரு மண்டையோடு இசைமேதை பாக்கினுடையதா என்று பார்ப்பதற்காக.

பத்துப் பன்னிரண்டு இடங்களில் அளந்து கொப்பியில் எழுதிக்கொண்டு, தலையை அவியுங்கள். பழைய பானையில், வீட்டுக்கு வெளியே. என் அம்மா அந்தப் பானையை இன்றுவரை குசினிக்குள் விடவில்லை. சதை கழன்றதும் கழுவிக் காயவைத்து, சோக்குக் கோட்டுக்குள் மண்டையை அதே இடத்தில் வைத்து, அதே தூரத்திலிருந்து போட்டோ எடுங்கள். இரண்டையும் ஒரே அளவில் அச்செடுத்து, ரேசிங் பேப்பரில் ஒன்றின்மேல் ஒன்றாக விடுங்கள்.

அந்தத் தாளை நான் இன்னும் வைத்திருக்கிறேன். நெற்றியில் இரண்டு கோடும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மூக்கெலும்பு பாதி வழியிலேயே முடிந்துவிடுகிறது. அதற்கு முன்னால் உள்ள மெத்தென்ற மூக்கு முழுவதும் காற்றில் நிற்கிறது. கண் அதன் குழியை விடச் சின்னது. காது எங்கே தொங்கியது என்பதற்கு ஒரு துளைதான் அடையாளம், எவ்வளவு நீளம் தொங்கியது என்பதற்கு அதுவும் இல்லை. ஆட்டுக்கு எப்போதும் ஒரு சிரிப்பு இருக்குமே, அந்தச் சிரிப்பு எலும்பில் எங்குமே இல்லை. கொம்புக்கூடு தனியாகக் கழன்று வந்துவிட்டது. உள்ளே இருந்த எலும்பு முளை கொம்பை விட எவ்வளவோ கட்டை. எந்த இடத்தில் எலும்பை நம்பலாம், எந்த இடத்தில் அது வாய் திறக்காது என்பதை எனக்கு எந்தப் புத்தகமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

இப்போது லூசிக்கு வாருங்கள். மண்டையோட்டின்மேல் ரேசிங் பேப்பரை விரித்து முதலில் தசைகளைக் கீறுங்கள், தோலைப் பிறகு பார்க்கலாம். அம்மம்மா வெற்றிலை மெல்லும்போது கன்னப்பொறியில் ஒன்று ஏறி இறங்குவதைக் கவனித்திருப்பீர்கள். உங்கள் விரலை வைத்துப் பல்லைக் கடித்துப் பாருங்கள். அந்தத் தசை விசிறி மாதிரி மண்டையின் பக்கத்தில் விரிந்து, கன்ன எலும்பு வளைவுக்குள் புகுந்து, கீழ்த்தாடையில் போய்ப் பிடிக்கிறது. வளைவுக்கும் மண்டைக்கும் இடையில் உள்ள இடைவெளிதான் தசையின் தடிப்பைச் சொல்லும் அளவு. நமக்கு அங்கே ஒரு விரல் நுழையும் அளவுதான். லூசியின் இனத்தாருக்கு வளைவு நன்றாக வெளியே தள்ளி நிற்கிறது, கடைவாய்ப் பற்களும் பெரியவை. அதனால் அவளுக்குக் கன்னப்பொறியில் பள்ளம் விழக்கூடாது, நிறைந்து இருக்க வேண்டும். தான்சானியாவின் ஓல்டுவாயில் 1959இல் மேரி லீக்கி கண்டெடுத்த இன்னோர் இனத்து மண்டையோட்டில் இந்தத் தசை உச்சிவரை ஏறி, அங்கே சேவற்கொண்டை போல ஓர் எலும்பு மேட்டையே எழுப்பியிருக்கிறது. அவருக்கு நம்மைப் போல மெலிந்த கன்னப்பொறி வைத்த படங்களை நான் பார்த்திருக்கிறேன்.

எலும்புக்கு மேல் உள்ள தோலும் சதையும் சேர்ந்த தடிப்புக்கு இன்றைய மனிதரின் சராசரிகள் கிடைக்கும். நெற்றியில் 5 மில்லிமீற்றர் அளவு, நாடியில், அதாவது மோவாயில், 10, 11. லூசிக்கு இவற்றை அப்படியே வைக்க முடியாது, ஏனென்றால் அவளுக்கு நாடியே இல்லை. கீழ்த்தாடை முன்னால் வந்து உள்நோக்கிச் சரிந்துவிடும். நாடி நம் இனத்துக்கு மட்டும் உள்ள மேடு, அழிந்துபோன மனித இனமான நியண்டர்தால்களுக்கும் கிடையாது. பிள்ளைகள் கை பழக்கத்தில் ஒரு நாடியை வைத்துவிடுவார்கள். நான் சிவப்புப் பென்சிலால் வெட்டுவேன்.

மூக்குக்குத்தான் ஆகக் கூடிய நேரம் போகும். உங்கள் மூக்கின் மேற்பாதியைத் தொட்டுப் பாருங்கள், கெட்டியாக இருக்கும். அது சின்னக் கூரை போலத் தூக்கி நிற்கும் எலும்பு. மூக்குத்துளையின் அடியில், நடுவில், முன்னால் நீட்டிக்கொண்டு ஒரு சின்ன எலும்பு முள்ளும் உண்டு. கூரையும் முள்ளும் சேர்ந்துதான் நம் மூக்கை முகத்திலிருந்து வெளியே தள்ளுகின்றன. இன்றைய மனித மண்டையோட்டுக்கு முகம் கட்டுபவர்கள், எலும்பில் உள்ள துளையின் அகலம் முழு மூக்கின் அகலத்தில் ஐந்தில் மூன்று என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கை லூசியிடம் கொண்டுபோகாதீர்கள். அவளுடைய இனத்தில் மூக்கெலும்பு தட்டை, அடியில் நமக்குள்ளது போல முள்ளும் இல்லை, அதற்குக் கீழே மேல்தாடை முன்னால் தள்ளி வருகிறது. ஆகவே மூக்கு முகத்தோடு படிந்து, துவாரங்கள் முன்பக்கம் பார்த்தபடி இருக்கும். அவளுக்கு மூக்குத்தி குத்த இடமில்லை என்று சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும். துர்க்கானாப் பையனின் இனத்துக்கு வந்தால்தான் மூக்கு முகத்திலிருந்து எழும்பத் தொடங்குகிறது.

கண்: இன்றைய மனித விழி 24 மில்லிமீற்றர் விட்டம். லூசியின் கண் எவ்வளவு என்று எலும்பு நேரடியாகச் சொல்லாது. குழியின் நடுவில், கொஞ்சம் வெளிப்பக்கமாக வைத்தால் பிழை வராது. பெரிய சண்டை கண்ணின் வெள்ளையைப் பற்றித்தான். அதைப் பளிச்சென்று விட்டால் லூசி நம்மிடம் ஏதோ சொல்ல வருகிறாள் போலிருக்கும். மங்கலாக்கினால் காட்டுக்குள் ஓடப் போகிறாள் போலிருக்கும். சிம்பன்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு அது கறுத்தது, சிலவற்றுக்கு வெளிறியது. ஒரு பென்சில் தேய்ப்பில் ஆளின் மனதையே மாற்றிவிடலாம், அதற்கு எலும்பிடம் ஒரு சாட்சியும் இல்லை. நான் புருவமேட்டின் நிழலை நன்றாக இறக்கிக் கண்ணை அதற்குள் வைத்துவிடுவேன். தப்பித்தல்தான், ஒத்துக்கொள்கிறேன்.

உதடு, காது, மயிர் மூன்றுக்கும் எலும்பு வாய் திறக்காது. தோலின் நிறமும் அப்படித்தான். சிம்பன்சிக்கு மயிருக்கு அடியில் தோல் வெளிறியது, முகம் வயதோடு கறுக்கிறது. ஆபிரிக்க வெயிலில் மயிர் உதிர்ந்தவர்களுக்குக் கறுத்த தோல்தான் தாக்குப்பிடிக்கும். ஆனால் லூசிக்கு எவ்வளவு மயிர் இருந்தது? தெரியாது. அதனால் ஒரே மண்டைக்கு இரண்டு ரேசிங் பேப்பரில் இரண்டு முகம் கீறச் சொல்வேன். ஒன்றில் மயிர் அடர்த்தி, ஒன்றில் ஐதானது. இரண்டையும் சேர்த்து மாட்டுங்கள்.

இந்த இடத்தில் என் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் வேலைக்கு வந்த மூன்றாம் வருடம் ஒரு பாடசாலைக் கண்காட்சிக்கு ஆதிமனிதன் கீறினேன். மண்டையோடு எதையும் பார்க்கவில்லை. பழைய போட்டோ ஒன்றிலிருந்த, இலங்கைப் பழங்குடியான வேடர் சனத்து முதியவரின் முகத்தை எடுத்து, புருவத்தைத் தடிப்பாக்கி, முதுகைக் கூனாக்கினேன். எல்லாரும் நல்லாயிருக்கு என்றார்கள். வாகரைப் பக்கத்திலிருந்து வந்து சித்தி வீட்டில் நின்று படித்த எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று படத்துக்கு முன்னால் நீண்ட நேரம் நின்றது. "எங்கட அப்பப்பா மாதிரி இருக்கு ரீச்சர்," என்றது. பக்கத்தில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அது சிரிக்கவில்லை. மறுகா என்னோடு கதைக்கவும் இல்லை.

வாகரை, பனிச்சங்கேணி, மாங்கேணிப் பக்கத்து வேடர் நம்மோடு தமிழ் பேசி, நம் சந்தையில் மீன் விற்று, நம் பாடசாலையில் படிக்கிற சனம். என்னைப் போலவே அவர்களும் முழு மனிதர்; நாடியும் உயர்ந்த நெற்றியும் உள்ளவர்கள். 32 இலட்சம் வருடத்துக்கு முந்தியவளுக்கு அவர்கள் என்னை விட ஓர் அங்குலம்கூடக் கிட்டவில்லை. ஆகவே உயிரோடு இருக்கும் எந்தச் சனத்தின் முகத்தையும் அடியாக வைத்துத் தொடங்காதீர்கள். கண்ணோரச் சுருக்கமோ வாயோர மடிப்போ தேவைப்பட்டால் கண்ணாடியில் உங்கள் மூஞ்சியைப் பாருங்கள். என் லூசிகள் எல்லாருக்கும் இப்போது என் கண்ணோரச் சுருக்கம்தான்.

நம் நாட்டுப் பழையவர்களைக் கீற ஆசையென்றால் களுத்துறை மாவட்டத்து ஃபாஹியன் குகைக்குப் போகலாம். ஏறத்தாழ 45,000 வருடத்துக்கு முன் அங்கே இருந்தவர்கள் மழைக்காட்டில் குரங்கும் அணிலும் வேட்டையாடினார்கள், எலும்பில் முனை தீட்டினார்கள், மணி கோர்த்தார்கள். அவர்களும் நம் இனமே. குனியவைக்க வேண்டாம், கழுத்தில் மணி போடுங்கள்.

உடலுக்குக் கல்லடிக் கடற்கரை நல்ல இடம். ஈரமணலில் பத்து அடி நடந்து திரும்பிப் பாருங்கள். குதி ஆழமாக, பெருவிரல் மற்ற விரல்களோடு ஒரே திசையில் பதிந்திருக்கும். தான்சானியாவின் லயட்டோலியில் 1978இல் மேரி லீக்கியின் குழு வெளிக்கொண்டு வந்த காலடிகளும் கிட்டத்தட்ட இப்படித்தான். மழையில் நனைந்த எரிமலைச் சாம்பலில், 36 இலட்சம் வருடத்துக்கு முன், லூசியின் இனத்தார் என்று கருதப்படுபவர்கள் நடந்தது. ஆகவே அவளுக்குக் கிளை பிடிக்கும் கால்விரல் கீறாதீர்கள், முழங்காலை மடக்கியும் நிறுத்தாதீர்கள். தொடையெலும்பு இடுப்பிலிருந்து முழங்காலுக்கு உள்நோக்கிச் சாய்ந்து வரும். அது நடப்பவரின் கால்.

அளவுக்கு நூல் போதும். லூசியின் தொடையெலும்பு ஏறத்தாழ 28 சென்ரிமீற்றர், மேற்கை எலும்பு 24. தாளில் தொடையை 10 சென்ரிமீற்றராக வைத்தால் மேற்கை 8.5 வரவேண்டும், நமக்கென்றால் 7ஐக் கொஞ்சம் தாண்டும். கை நீண்டுவிட்டது போலத் தெரியும். உண்மையில் கட்டையாக இருப்பது கால்தான். முழு உயரம் ஒரு மீற்றருக்கு மேல் ஒரு சாணுக்குள்தான், பாலர் பாடசாலைப் பிள்ளையின் உயரம். படத்தின் ஓரத்தில் அந்த அளவுக்கு ஒரு கதிரையையோ தண்ணீர்க் குடத்தையோ சின்னதாகக் கீறிவிட்டால் பார்ப்பவர்களுக்கு விளங்கும். நெஞ்சுக்கூடு மேலே ஒடுங்கிக் கீழே அகலும், இடுப்பு அகலம், விரல்கள் சற்று வளைந்தவை. நிமிர்ந்து நடந்தாள், மரமும் ஏறியிருப்பாள்.

குனியவைக்கும் ஆசை எனக்கு மட்டும் வந்ததில்லை. பிரான்சில் லா ஷப்பெல்-ஓ-செய்ன் என்ற ஊரில் 1908இல் ஒரு நியண்டர்தால் முதியவரின் எலும்புக்கூடு கிட்டத்தட்ட முழுதாகக் கிடைத்தது. மார்செலின் பூல் என்ற பெரிய அறிஞர், அவர் முழங்கால் மடங்கி, தலை முன்னால் தொங்க நடந்தவர் என்று எழுதினார். 1909இல் ஒரு பத்திரிகையில் வந்த ஓவியம் உடல் முழுக்க மயிரோடு அவரைப் பாதி மிருகமாகவே காட்டியது. 1957இல் வேறு இருவர் எலும்புகளைத் திரும்பப் பார்த்தார்கள். கிழவருக்குக் கடும் மூட்டுவாதம். கடைவாய்ப் பற்கள் பெரும்பாலும் விழுந்தும் நிறையக் காலம் வாழ்ந்திருக்கிறார். அந்த 1909 ஆளை இன்றைக்கும் பகிடிப் படங்களில் பார்க்கலாம்.

கடைசி வேலை கோடுகளைப் பிரிப்பது. கிடைத்த எலும்பின்மேல் நிற்கும் விளிம்புகளை முழுக்கோடாக விடுங்கள். ஊகித்தவற்றை, அதாவது காது, உதடு, மயிர், லூசியென்றால் முகத்தின் பெரும்பகுதி, பக்கத்தில் ஒரு சின்னப் படத்தில் புள்ளிக்கோட்டால் காட்டுங்கள். அழகு குறையும் என்று பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். விடாதீர்கள். கீழே ஏ.எல். 288-1 என்ற இலக்கத்தையும், முகம் யாருடைய மண்டையிலிருந்து எடுத்தது என்பதையும் எழுதிவிட்டு உங்கள் பெயரைப் போடுங்கள்.

6பியால் நிழல் போட்டிருந்தால் கைபட்டுக் கலையும். தலைமயிருக்கு அடிக்கும் ஸ்பிரேயை இரண்டடி தள்ளி நின்று மெல்லிசாக அடித்தால் பிடித்துக்கொள்ளும். மாரி தொடங்கிவிட்டால் வாவிக் காற்றில் பிறிஸ்டல் போர்ட் அப்பளம் போல வளையும். கண்ணாடிக்குள் போடும்வரை இரண்டு பலகைக்கு நடுவில் வையுங்கள். ஆட்டு மண்டையை எறியாதீர்கள், அடுத்த படத்துக்கும் அது வேண்டும். என்னுடையதில் ஒரு கொம்புக்கூடு இல்லை. பூனை கொண்டுபோய்விட்டது.